பாறை பார்க்கப் போகிறவர்கள் இரவு எங்கே தங்குவது?

பயணம்: வாசகர் கேள்வி – பதில்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், ஏறக்குறைய 14 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரம் சுவர் போல எழுந்து நிற்கும் மோஹர் பாறைகள் பற்றி இம்முறை பல கடிதங்கள். பிள்ளைகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற வீடுகளிலிருந்து வந்தவைதான் கூட. பாறையின் உயரத்தை ஒருவரும் கேட்கவில்லை. படுக்கை, சாப்பாடு, பப் ஆகிய மூன்றையும்தான் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். பாறை எப்போது போனாலும் அங்கேயே நிற்கும்; அறைதான் கிடைக்காமற் போகும்.

கே: ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் மகளிடம் போகிறோம். அங்கிருந்து நாலு நாள் அயர்லாந்து. பாறைக்குப் பக்கத்திலேயே ஒரு கெஸ்ட் ஹவுஸ் பார்க்கும்படி மருமகனிடம் சொன்னேன். அவர் டூலின் என்கிறார். மகள் லஹின்ச் என்கிறாள். எது நல்லது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்)

ப: பாறைக்குப் பக்கத்திலேயே எடுக்கவேண்டாம் என்பதுதான் முதற் பதில். பாறையடியில் ஊர் கிடையாது. பார்வையாளர் நிலையம், வாகனத் தரிப்பிடம், சுற்றிவரப் புல்வெளியும் மாடுகளும், இடைக்கிடை தனி வீடுகள். அவற்றில் சிலவற்றில் அறை கொடுக்கிறார்கள். யன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் பின்னேரம் ஏழு மணிக்குப் பசிக்கும்போது காரை எடுத்தாக வேண்டும். கார் எடுத்தவர் ஒரு கிளாசுக்கு மேல் தொடமுடியாது. அந்தப் பகுதியில் டாக்ஸி விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இரவு பதினொரு மணிக்குத் தேடினால் கிடைக்காது. எனவே படுக்கையும் பப்பும் ஒரே ஊரில், நடந்து போய்வருகிற தூரத்தில் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

பாறைக்கு வடக்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றரில் டூலின். தெற்கே 5, 6 கிலோமீற்றரில் லிஸ்கேனர். அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் லஹின்ச்; பாறையிலிருந்து கணக்கிட்டால் யாழ்ப்பாண நகரிலிருந்து சுன்னாகம் போகிற தூரம். லஹின்ச்சில் நீண்ட மணற்கரை, கடலலைச் சறுக்கல், கோல்ஃப் திடல், கடைதெரு எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மகள் சொல்வது சரி. லிஸ்கேனர் சின்ன மீன்பிடித் துறை. இரவில் அமைதி, கடலுணவு நல்லது, சத்தம் கிடையாது. வயதானவர்கள் இரண்டு பேர் தனியாகப் போவதென்றால் அதைத்தான் சொல்வோம். லிஸ்கேனர்க் கல் என்று ஒரு பலகைக் கல் அங்கே பேர்போனது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றில் ஊர்ந்த உயிர்கள் விட்டுப்போன சுவடு, மண்புழு ஓடிய மாதிரி, கல்லின் மேல் வளைந்து வளைந்து கிடக்கும். அப்பகுதிப் பழைய கட்டடங்களின் தரையிலும் மதிலிலும் குனிந்து பாருங்கள்.

இசைக்காகப் போகிறீர்கள் என்றால் டூலின்தான். எங்கள் வாக்கு மருமகனுக்கு. ஆனால் டூலினில் எந்தத் துண்டு என்று அவர் பார்த்துப் பதியவேண்டும். டூலின் ஒரு சந்தியைச் சுற்றிய ஊரல்ல. இரண்டு துண்டாகக் கிடக்கிறது. கடற்பக்கம் ஃபிஷர் ஸ்ட்ரீட். அங்கே 1832இலிருந்து நடக்கும் கஸ் ஓ'கொனர்ஸ் பப். உட்பக்கம் ரோட்ஃபோர்ட், அங்கே ஆற்றங்கரைப் பக்கமாக மக்கான்ஸ், மக்டேர்மட்ஸ் என்ற இரண்டு பப்கள். இரண்டு துண்டுக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட. பகலில் அது ஒரு நடையே அல்ல. இரவு பதினொன்றரைக்கு, மழைத் தூறலில், வெளிச்சம் குறைந்த வீதியில், எதிரே கார் வரும்போது அது நீளம்தான். ஒரு கைவிளக்கு எடுத்துப் போங்கள். கறுப்புக் கோட் போடாதீர்கள்.

மற்ற ஊர்கள்: லிஸ்டூன்வார்னா ஏறக்குறைய 12 கிலோமீற்றர். அறை ஓரளவு மலிவாகக் கிடைக்கும். ஆனால் செப்டெம்பரில் அங்கே கலியாணப் பொருத்தத் திருவிழா. தரகர் முன்னிலையில் மாப்பிள்ளை பெண் தேடுகிற விழா. (சாதகம் பார்ப்பதுதான் இல்லை.) அந்த மாத வார இறுதிகளில் அறையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எனிஸ்டைமன் ஊருக்குள்ளேயே படி படியாக விழும் ஓர் அருவி உண்டு. ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்லது. கோல்வே நகரம் 75 கிலோமீற்றர். அங்கே தங்கினால் பாறை ஒரு பகற்பயணம் ஆகிவிடும். பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் சுற்றுலா பஸ்கள் இறக்கிவிடும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பீர்கள். பக்கத்து ஊரில் தங்குவதன் பலனே கூட்டம் வருமுன் காலையிலும், கூட்டம் போனபின் மாலையிலும் பார்க்கலாம் என்பதுதான். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். ஓகஸ்டிலும் எட்டரை, ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும்.

கே: பிரித்தானிய விசிற்றர் வீசா கையில் இருக்கிறது. அயர்லாந்துக்கும் அது காணுமா? லண்டனில் இருக்கும் தம்பி "ஒருத்தரும் பார்க்கமாட்டினம், வாங்கோ" என்கிறார். (சாவகச்சேரி வாசகர்)

ப: காணாது. தம்பி சொல்வதைக் கேட்கவேண்டாம்.

பிரித்தானிய வீசாவோடு அயர்லாந்துக்குப் போகும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது இந்திய, சீனக் கடவுச்சீட்டுகளுக்கு உரியது. இந்திய உறவினர் யாரோ போய்வந்ததைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அயர்லாந்து வீசா தனியாக எடுக்கவேண்டும். பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடம் பெற்று, இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். ஐரோப்பாவின் செங்கன் வீசாவும் உதவாது. அயர்லாந்து செங்கனுக்குள் இல்லை. பிரித்தானிய, கனேடியக் குடியுரிமை எடுத்த பிள்ளைகளுக்கு வீசா தேவையில்லை. அதனால்தான் குடும்பமாகப் போகும்போது அப்பா அம்மா மட்டும் விமான நிலையத்தில் மாட்டுப்படுகிறார்கள்.

விண்ணப்பம் இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, ஆவணங்களோடு அனுப்பவேண்டும். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்னரே போடலாம். எட்டு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் விடுங்கள். அறைப் பதிவையும் காட்டவேண்டி வரும் என்பதால் இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய பதிவாகப் போடுங்கள். வீசா வருமுன் முழுக் காசும் கட்டிய அறை, வீசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது.

நேரம் போதவில்லை என்றால் மாற்றுவழி ஒன்று: வட அயர்லாந்து பிரித்தானியாவைச் சேர்ந்தது, உங்கள் வீசா அங்கே செல்லும். லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு நேரே விமானம். அங்கிருந்து வடகரையில் ஜயன்ற்ஸ் கோஸ்வே: ஏறக்குறைய 40,000 எரிமலைக் கற்றூண்கள், பெரும்பாலும் ஆறு பட்டை, தேன்கூட்டை நிறுத்திவைத்த மாதிரி. 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மூன்று கிலோமீற்றரளவில் புஷ்மில்ஸ் என்ற ஊர். விஸ்கி வடிசாலை, பப்கள், கெஸ்ட் ஹவுஸ்கள் எல்லாம் நடை தூரம். மேலே சொன்ன விதிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. அங்கிருந்து தெற்கே எல்லை தாண்டிவிடாதீர்கள், அவ்வளவுதான். எல்லையில் தடையோ படலையோ இல்லை என்பதால் வீசா தேவையில்லை என்றாகாது.

கே: இணையத்தில் எல்லா அறையும் ஒரே மாதிரி வடிவாக இருக்கின்றன. நல்ல கெஸ்ட் ஹவுஸை எப்படிக் கண்டுபிடிப்பது? (திருநெல்வேலி வாசகி)

ப: படத்தை விட்டுவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். பெயரில் "மோஹர்" என்றிருந்தால் பாறைக்குக் கிட்ட என்று பொருளல்ல. 15 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீடும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும். அயர்லாந்தில் 2015இலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஏழு எழுத்து இலக்கக் குறியீடு இருக்கிறது, எயர்கோட் என்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, தொலைபேசி வரைபடத்தில் போட்டு, பிடித்த பப் வரை நடக்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள். நாட்டுப்புறத்தில் வீட்டிலக்கமும் ஒழுங்கைப் பெயரும் இல்லாத முகவரிகள் நிறைய. எயர்கோட் இல்லாமல் இருட்டில் வீடு தேடுவது வீண் வேலை.

பி அன்ட் பி என்பது ஒருவர் தன் குடும்பத்தோடு வாழும் வீட்டில் மூன்று நாலு அறையை விடுவது. கெஸ்ட் ஹவுஸ் அதைவிடப் பெரியது. இரண்டிலும் வீட்டுக்காரரே சாவி தருவார், அவரே காலைச் சாப்பாடும் சமைப்பார். அதனால் ஹொட்டேல் போல நடுச்சாமத்தில் போய்க் கதவு தட்டமுடியாது. பெரும்பாலும் பின்னேரம் மூன்று, நாலு மணியிலிருந்து ஏழு, எட்டு மணி வரைதான் வரவேற்பு. டப்ளினில் இரவு எட்டுக்கு விமானம் இறங்கி, மூன்றரை மணித்தியாலம் கார் ஓட்டி அன்றே டூலின் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வெளியில்தான் நிற்பார்கள். முதல் இரவு டப்ளினில் தங்குங்கள். அல்லது ஷனன் விமான நிலையத்துக்கே வாருங்கள். அங்கிருந்து பாறை ஒரு மணித்தியாலச் சொச்சம்.

பதியுமுன் கேட்கவேண்டியவை சில. அறை மாடியிலா? இந்த வீடுகளில் லிஃப்ற் இருக்காது. முழங்கால் நோகிறவர்கள் கீழ்மாடி என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும். "டபிள்" என்றால் ஒரே கட்டில், "ட்வின்" என்றால் இரண்டு தனிக்கட்டில். அம்மாவும் மகனும் போகும்போது இது பெரிய வித்தியாசம். வார இறுதியில் இரண்டு இரவுக்குக் குறைய எடுக்கமாட்டோம் என்பார்கள் சிலர். கோடையில் இருவர் அறை 100 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். காலைச் சாப்பாடு அதற்குள்ளா என்று பாருங்கள். ஓகஸ்ட் முதற் திங்கள் பொது விடுமுறை. அதற்கு முந்திய வெள்ளி, சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள்.

இனிக் குளியலறை. இங்கேதான் நம்மவர்கள் கஷ்டப்படுகிறார்கள். பல வீடுகளில் ஷவர் மின்சாரத்தில் வேலைசெய்யும். முகட்டிலிருந்து ஒரு நூல் தொங்கும், அல்லது கதவுக்கு வெளியே ஒரு சுவிச் இருக்கும். அதை இழுத்துச் சிவப்பு வெளிச்சம் வந்தால்தான் சுடுதண்ணீர். அது தெரியாமல் பனித்தண்ணீரில் குளித்துவிட்டு வீட்டுக்காரரில் குறை சொல்கிறார்கள். தரையில் தண்ணீர் போகும் வழி கிடையாது. வாளியில் அள்ளிக் குளித்தால் தண்ணீர் பலகைக்குள் இறங்கிக் கீழ்வீட்டு முகட்டில் நனைந்து நிற்கும். அதன் செலவை உங்களிடம்தான் கேட்பார்கள். ஷவர்த் தட்டுக்குள் நின்று, திரையை உள்ளே விட்டுக் குளியுங்கள். அறைக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். புகை எச்சரிக்கை மணி வீடு முழுக்க அடிக்கும். மின்செருகி சதுர முனை மூன்று கொண்டது. நம்முடைய பழைய உருளை முனைச் செருகிக்குத்தான் அடாப்டர் வேண்டும்.

கே: பப் என்றால் நம்மூர்த் தவறணை போலத்தானே? பத்து, பதினாறு வயதுப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? (நல்லூர் அம்மம்மா)

ப: கூட்டிப்போகலாம், அம்மா. தவறணையில் குடிக்கிறவர் குடித்துவிட்டு எழும்பிப் போவார். ஐரிஷ் நாட்டுப்புறப் பப் ஊரின் விறாந்தை மாதிரி. கிழவிகள் தேத்தண்ணி குடிப்பார்கள், செத்தவீடு முடிந்து வருகிறவர்கள் சூப் குடிப்பார்கள், ஒரு மூலையில் பிள்ளைகள் சிப்ஸ் சாப்பிடுவார்கள். ஒன்றும் குடிக்காமல் கோப்பியோடு இருந்தாலும் ஒருவரும் ஒருமாதிரிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே சிகரெட் புகையும் இல்லை. 2004 மார்ச்சில், நாடு முழுவதற்கும் பப் உட்பட வேலைத்தலங்களில் புகைப்பதை உலகில் முதலில் தடைசெய்தது அயர்லாந்துதான்.

ஆனால் நேரக் கட்டுப்பாடு சட்டத்தில் இருக்கிறது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பெற்றோர் அல்லது பொறுப்பானவரோடு இரவு 9 மணி வரை இருக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை 10 மணி. பதினைந்து முதல் பதினேழு வரையானவர் தனியாகவும் இருக்கலாம், ஆனால் எழும்பவேண்டிய நேரம் அதேதான். அதற்குள்ளும் வேண்டாம் என்று சொல்லக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. மதுபானம் 18 வயதுக்கு மேல்தான். பதினெட்டு முதல் இருபது வயது வரையான பிள்ளைகள் அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும்.

இதில் ஒரு சிக்கல். இசை பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோடையில் அரை மணித்தியாலம்தான் மிஞ்சும். பின்னேரத்திலேயே ஒரு சுற்று வாசிக்கும் பப்களும் உண்டு. "இன்று ஏதாவது நேரத்தோடு தொடங்குகிறதா" என்று கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் காலையிலேயே கேட்டுவையுங்கள்.

கே: நாங்கள் சைவம். அவர் மீன் சாப்பிடுவார், மாடு தொடமாட்டார். பட்டினிதானா? (ஏழாலை வாசகி)

ப: பட்டினி இல்லை. ஆனால் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். "முழு ஐரிஷ்" காலைச் சாப்பாடு என்று வருவதில் ராஷர் என்பது பன்றி, சொசேஜ் பன்றி, கறுப்புப் புடிங் பன்றி இரத்தம், வெள்ளைப் புடிங் பன்றி இறைச்சி. மிஞ்சுவது முட்டை, தக்காளி, காளான், சோடா பாண். முதல் நாள் இரவே வீட்டுக்காரரிடம் "இறைச்சி வேண்டாம், வேறு சட்டியில் பொரித்துத் தாருங்கள்" என்று சொன்னால் செய்வார்கள். கடைசிச் சொல்லை விடாதீர்கள். இல்லாவிட்டால் முட்டையும் காளானும் ராஷர் பொரித்த எண்ணெயில்தான் வரும். ஓட்ஸ் கஞ்சி எங்கும் கிடைக்கும். அதுதான் பாதுகாப்பு.

பப்பில் மரக்கறி சூப்பும் தவிட்டுப் பாணும் எப்போதும் இருக்கும். சூப் கோழி அவித்த தண்ணீரில் செய்ததா என்று கேளுங்கள். ஐரிஷ் ஸ்ற்யூ வழக்கமாக ஆடு. கின்னஸ் ஸ்ற்யூ என்றால் மாடு. அவர் இந்த இரண்டையும் மாற்றி எடுத்துவிடக்கூடும். சௌடர் என்பது மீனும் சிப்பியும் பாலாடையும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, குளிர்காற்றுக்குப் பின் அமிர்தம்; சிலர் பன்றித் துண்டு போடுவதுண்டு. மீனும் சிப்ஸும் பொரிப்பது மரக்கறி எண்ணெயிலா மாட்டுக் கொழுப்பிலா என்பதையும் கேட்கவேண்டும். பழைய முறைப் பொரிப்புக் கடைகளில் சில இன்னும் மாட்டுக் கொழுப்பையே வைத்திருக்கின்றன. சாப்பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் சின்ன இலக்கங்கள் இருக்கும். அவை ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களைத்தான் குறிக்கும். பன்றியும் மாடும் அந்தக் கணக்கில் இல்லை. இலக்கத்தைப் பார்த்துச் சைவம் என்று முடிவெடுக்காதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை நேரம். நாம் எட்டரை, ஒன்பதுக்குச் சாப்பிடுகிற ஆட்கள். அங்கே பப் நடுச்சாமம் மட்டும் திறந்திருந்தாலும் குசினியை ஒன்பது மணிக்கு, சில இடங்களில் எட்டரைக்கே, பூட்டிவிடுவார்கள். பிறகு உருளைக்கிழங்குப் பொரியல் பக்கெற்தான். கோடையில் மேசை பிடிக்க ஆறு மணிக்கு முன் போங்கள்.

கே: கின்னஸ் பியரில் மீன் கலக்கிறார்கள் என்பது உண்மையா? (பருத்தித்துறை வாசகர்)

ப: முன்பு உண்மை. மதுவைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பாவித்தார்கள். இப்போது அந்த முறையை விட்டுவிட்டார்கள். கறுப்பாக இருக்கிறதென்று பயப்படவும் வேண்டாம். மதுசாரம் நூற்றுக்கு நாலு சொச்சம்தான். நம்மூர் லயன் ஸ்டவுட் 8.8. மதுசாரம் இல்லாத 0.0 வகையும் இருக்கிறது.

வாங்கும் முறை: மேசையில் இருந்துகொண்டு ஆள் வரும் என்று காத்திருக்காமல் கவுண்டருக்குப் போங்கள். கிளாசைச் சரித்துப் பிடித்து முக்கால்வாசி நிரப்பி அப்படியே வைத்துவிடுவார். உள்ளே மண்ணிறம் அலையலையாகக் கீழே இறங்கிக் கறுப்பாகும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், இன்னும் முடியவில்லை. அடங்கிய பிறகு மேலே நிரப்பித் தருவார். இரண்டு நிமிடம் ஆகும். ஒரு பைன்ற் 568 மில்லிலீற்றர். ஊர்க்காரர் ஒருவர் உங்களுக்கு வாங்கித் தந்தால், அடுத்த சுற்று உங்களுடையது. இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் எல்லாரும் கணக்கு வைத்திருப்பார்கள். விருப்பமில்லையென்றால் முதற் சுற்றிலேயே நன்றி சொல்லி மறுத்துவிடுவதுதான் அழகு.

கே: வயலின் படிக்கிறேன். டூலின் பப்களில் நானும் சேர்ந்து வாசிக்கலாமா? (மானிப்பாய் வாசகி)

ப: அங்கே நடப்பது கச்சேரி அல்ல, "செஷன்" என்பார்கள். மேடை இல்லை, ஒரு மூலை மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், தகரக் குழல், கொன்சர்ட்டினா, போரான் என்ற கைப்பறை. ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனவர்களில் ஒருவர் தகரக் குழல் கலைஞர் மிக்கோ ரஸல் (1915–1994). டூலினிலிருந்து உள்ளே போனால் கில்ஃபெனோரா. 1909இலிருந்து தொடரும் கெய்லி (ஐரிஷ் நடன இசை) குழுவின் ஊர். அங்கேயும் ஓர் இரவு போகலாம்.

முதல் இரவு வயலினைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். வாசிப்பவர்களுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும் கதிரைகள் வரப்போகும் கலைஞர்களுக்கானவை; உட்காரவேண்டாம். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஸ்வரம் எழுதிய தாள் பார்ப்பதில்லை. மெட்டுத் தெரியாதவர் தெரியாத மெட்டில் சும்மா இருப்பதுதான் மரியாதை; தாளம் தெரியும் என்று மேசையில் தட்டவும் வேண்டாம். இடைவெளியில் போய்க் கதைத்தால், "ஒன்று வாசியுங்களேன்" என்று கேட்பார்கள். அப்போது தயங்காமல் ஒரு சின்னக் கீர்த்தனையை எடுங்கள். யாராவது பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் முழுப் பப்பும் அடங்கும். கிளாசைக்கூட மேசையில் வைக்கமாட்டார்கள்.

கே: கார் எடுப்பதா, பஸ்ஸா? (வல்வெட்டித்துறை வாசகர்)

ப: நாலு பேர் என்றால் கார். இங்கே போல இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சுற்றுலாப் பயணியாக ஓட்டலாம். சர்வதேசப் பத்திரமும் எடுத்துக்கொள்ளுங்கள், வாடகைக் கம்பனிகள் கேட்கும். ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிற் கார்ட் வேண்டும். மகளின் அட்டையைக் காட்டி மருமகன் கார் எடுக்கமுடியாது. ஓட்டோமற்றிக் கார் வேண்டுமென்றால் முதலே பதியவேண்டும். கிராமப்புறச் சிறுவீதிகளில் 2025 பெப்ரவரியிலிருந்து வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். ஒழுங்கைகளில் அதுவே கூட.

குடித்துவிட்டு ஓட்டும் விடயத்தில் லண்டன் கணக்கு அங்கே சரிவராது. இங்கிலாந்தில் 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் எல்லை, அயர்லாந்தில் 50. புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு 20. மறுநாட் காலைதான் பலர் பிடிபடும் நேரம். ஒரு பைன்ற் கரைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் வேண்டும். நாலு பைன்ற் குடித்துவிட்டு நடுச்சாமத்தில் படுத்தவர் காலை எட்டுக்கு முட்டை சாப்பிட்டுவிட்டுச் சாவியை எடுக்கக்கூடாது.

பஸ் என்றால் 350ஆம் இலக்கம்: கோல்வே, டூலின், பாறைப் பார்வையாளர் நிலையம், லஹின்ச், எனிஸ்டைமன், எனிஸ். அடிக்கடி இல்லை, மாலைக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே படம் பிடித்து வையுங்கள். வீதியோரம் கையைக் காட்டினால் எங்கும் நிற்கும் என்று நினைக்காதீர்கள்.

கே: பாறைக்கு ரிக்கெற் உண்டா? டூலினிலிருந்து நடந்தே போகலாமாமே? (உடுவில் வாசகர்)

ப: உண்டு. தரிப்பிடக் கட்டணமும் அதற்குள் அடக்கம். ஆளுக்குத்தான் கணக்கு, வாகனத்துக்கல்ல. நேரம் குறித்து இணையத்தில் எடுத்தால் மலிவு. நடை விடயத்தில் பழைய வழிகாட்டிப் புத்தகங்களை நம்பவேண்டாம். விளிம்பு இடிவதாலும், உயிரிழப்புகள் நடந்ததாலும், 2024இல் கரையோரப் பாதையின் பெரும்பகுதியை மூடினார்கள். எந்தத் துண்டு திறந்திருக்கிறது என்று போகும் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் 214 மீற்றர். விளிம்பில் கல்மதிலோ கம்பி வேலியோ எல்லா இடமும் கிடையாது, காற்று ஆளைத் தள்ளும். குடை கொண்டுபோனால் எலும்புதான் மிஞ்சும். மழைச்சட்டை போடுங்கள்.

கே: நத்தார் விடுமுறையில்தான் எங்களுக்கு லீவு. (குருநகர் வாசகர்)

ப: டிசெம்பர் 25 அன்று பப்கள் பூட்டு, பஸ்ஸும் ஓடாது. சூரியன் நாலேகாலுக்குப் பிறகு மறைந்துவிடும். பி அன்ட் பிகள் பல நவம்பரில் பூட்டினால் மார்ச் நடுப்பகுதியில், சென் பற்றிக் நாளையொட்டித்தான் திறக்கும். டூலின் துறையிலிருந்து அரன் தீவுகளுக்குப் படகும் இருக்காது. இசையும் வார இறுதியோடு நின்றுவிடும். அந்தக் கிழமையில் கோல்வே நகரத்தில் தங்கி, வெயில் எறிக்கும் ஒரு பகலில் பாறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: சாப்பாட்டுக்கு லண்டன் அன்ரி மட்டன் ரோல்ஸ் பொதி பண்ணித் தருவதாகச் சொல்கிறா. நான் இங்கிருந்து கருவாடும் கறிவேப்பிலையும் கொண்டுபோகிறேன். விடுவார்களா? (காரைநகர் வாசகி)

ப: அன்ரியின் ரோல்ஸ் போகாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் லண்டனிலிருந்தும் இறைச்சி, பால் பொருட்களை அயர்லாந்துக்குக் கொண்டுபோக முடியாது, பிடித்தால் எறிந்துவிடுவார்கள். நெய்யும் பாற்கோவாவும் அதே கணக்கு. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். கருவாடு சொந்தப் பாவனைக்கு அளவோடு அனுமதி உண்டு. ஆனால் பி அன்ட் பி அறைக்குள் அதைத் திறந்தால் நாற்றம் கம்பளத்தில் ஏறிவிடும். அடுத்த நாள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கமுடியாது. பருத்தித்துறை வடை கொண்டுபோங்கள். அறையில் கேத்திலும் தேயிலையும் இருக்கும். குசினி பூட்டிய இரவுகளுக்கு அதுவே போதும்.